மாலை நேர நாடகங்களும் தோட்டத்துப் பெண்களும்

தமிழ்த் தொலைக்காட்சியில் துணிந்த பெண்ணுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1999இல் சன் டிவியில் வந்த ‘சித்தி’ முதல் 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ வரை, பேர்பெற்ற தொடர்கள் பெரும்பாலும் ஒரு பெண்ணின் மன உறுதியை நம்பித்தான் தொடங்கின. முதல் நூறு நாளில் நிமிர்ந்து நின்றவள் ஐந்நூறாம் நாளில் அழுதுகொண்டிருப்பாள். ஆயிரமாம் நாளில் மன்னித்துக்கொண்டிருப்பாள். ஓர் எழுத்தாளரின் மனப்போக்கை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. நாள்தோறும் எழுதி, நாள்தோறும் எடுத்து, வாரந்தோறும் அளந்து பார்க்கும் ஒரு தொழில்முறையின் வரலாறு இது.

இந்த நாடகங்களை மாலை தவறாமல் பார்த்தவர்களில் இலங்கை மலையகத்தின் தோட்டத்துப் பெண்களும் அடக்கம். ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாகச் செல்லும் பாதையில், கெசல்கமு ஓயாவை ஒட்டிக் கிடக்கும் பொகவந்தலாவை, தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்று பெயர் வாங்கிய ஊர். அந்தப் பொன்னைக் கையால் பறித்தவர்கள் பெண்கள். காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, மடுவம் என்னும் கொழுந்துக் கொட்டகையில் நிறுவை; குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். லயம் என்னும் வரிசை வீட்டுக்குத் திரும்பியபின் தண்ணீர், விறகு, அடுப்பு. அதற்குப் பிறகு கிடைக்கும் சிறு பொழுதில்தான் நாடகம்.

தமிழ்நாட்டுத் தொடர்களில் கதாநாயகி வேலைக்குப் போகலாமா என்பது நூறு நாள் ஓடக்கூடிய பெரிய சிக்கல். பொகவந்தலாவையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பாட்டியின் பாட்டி காலத்திலேயே பெண் மலையேறிவிட்டாள். இங்கே கேள்வி வேறு: அவள் உழைத்த காசு யார் கைக்குப் போகிறது? மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நடந்தது. ஒரே நாள் வேலைக்கு ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்ற நிலையும் 1984 வரை இருந்தது. அந்த ஆண்டு நடந்த பெரும் வேலைநிறுத்தத்தை ஒட்டித்தான் இருபாலாருக்கும் சம சம்பளம் கிடைத்தது. சொந்த உழைப்பும் போராட்டமும் உள்ள பெண்கள், அவை இரண்டும் இல்லாத பெண்களின் கதையை இருபது ஆண்டுக்கு மேலாக ஒவ்வொரு மாலையும் பார்த்திருக்கிறார்கள்.

தோட்டத்துப் பெண் கமராவின் முன் நின்ற வரலாறு தொலைக்காட்சிக்கு நூறு ஆண்டு முந்தியது. ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமெரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய குடும்பத்துக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. தொழிலாளர்களையும் ஊர்மக்களையும் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. 1879 ஜனவரியில் இறந்த அவர் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் இருப்பவர்கள் பலரும் பெயரோடு அறியப்படுகிறார்கள். இலங்கைப் படங்களில் நிற்கும் பெண்களுக்குப் பெயர் இல்லை.

பெயரும் குரலும் கூத்தில் இருந்தன. மாசி மாதத்தில் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்து மலையகத் தோட்டங்களின் பெரும் கலை நிகழ்வு. அதில் மன்மதன் எரிவது உச்சக் கட்டம் என்றாலும், மக்கள் நெஞ்சில் நிற்பவள் ரதி. தீக்கனவு கண்டு, சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று கணவனோடு வாதாடுகிறாள்; அவன் எரிந்தபின் அழுது புலம்புவதோடு நிற்காமல், எரித்தவனிடமே நியாயம் கேட்டு, போன உயிரை மீட்கிறாள். வேடம் கட்டுபவன் ஆண்தான். ஆனாலும் வாதம் பெண்ணுடையது, வெற்றியும் பெண்ணுடையது. தோட்டங்களில் ஆடப்பட்ட பொன்னர் சங்கர் கதையிலும் மாண்ட அண்ணன்மாரைத் தேடிப் போவது தங்கைதான். இந்தக் கூத்துகளுக்கு ஒரு முடிவு இருந்தது. ரதி கேட்ட நியாயம் அந்தப் பருவத்துக்குள் கிடைத்தாக வேண்டும்; கிடைக்காமல் கம்பத்தைப் பிடுங்க முடியாது. கதையின் நீளத்தைச் சடங்கு கட்டுப்படுத்தியது என்பது சிறிய செய்தியல்ல.

கூத்துக்கு வெளியே, மேடையிலும் எழுத்திலும் பெண்கள் வந்தார்கள். 1931இல் ஹற்றனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், கூட்டங்களில் பாடிப் பேசித் தொழிலாளரைத் திரட்டியவர். இந்தியர்களின் இலங்கை வாழ்க்கை நிலைமையைப் பற்றி அவர் எழுதிய பாட்டுகள் 1940இல் சிறு நூலாக வெளிவந்தன. தொழிற்சங்கத்தில் பெண்களிடையே பணிபுரிந்த கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட ‘தூரத்துப் பச்சை’ நாவல் வள்ளி என்ற தோட்டப் பெண்ணின் வாழ்க்கையை மையமாக வைத்தது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களில் கங்காணியையும் துரையையும் பெயர் சொல்லாமல் கிழித்துப் போடும் பெண்குரல்கள் ஏராளம். திரைப்படம் வந்தபோது இந்தக் குரல் பின்னுக்குப் போனது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975இலும் ‘நான் உங்கள் தோழன்’ 1978இலும் வந்தன. தோட்டத் தொழிலாளியைத் திரையில் ஏற்றிய முக்கியமான முயற்சிகள் அவை. போராடுகிற ஆள் என்றால் ஆண் என்ற வழக்கம் அங்கே உறுதியாயிற்று.

இலங்கையில் முதல் தொலைக்காட்சி நிலையமான ஐ.ரி.என். 1979 ஏப்ரலில் தொடங்கியது. அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கி, நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையிலிருந்து அலையை அனுப்பியது. நுவரெலியா மாவட்டத்தின் உச்சியிலிருந்து புறப்பட்ட அந்த அலையைப் பிடிக்க, அதே மாவட்டத்தின் லயங்களில் பெரும்பாலும் மின்சாரம் இருக்கவில்லை. கார் பற்றரியில் ஓடிய ஒன்றிரண்டு பெட்டிகளைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்த காலம் அது. தமிழுக்கு ஒதுக்கிய நேரமோ மிகக் குறைவு. மொழி புரிந்தும் புரியாமலும் சிங்கள நாடகங்களைப் பார்த்தவர்கள் உண்டு. ஜப்பானின் ‘ஓஷின்’ சிங்களக் குரலில் வந்து நாட்டையே கட்டிப்போட்டதும் அந்தப் பத்தாண்டில்தான்.

‘ஓஷின்’ தனியாகக் கவனிக்க வேண்டிய தொடர். சுகாகோ ஹஷிதா என்ற பெண் எழுதியது. 1983 முதல் 1984 வரை ஓராண்டு ஓடி 297 பகுதிகளில் முடிந்தது. பின்னர் அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. ஏழை வீட்டில் பிறந்து ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டவள் மாமியார் கொடுமையிலிருந்து வெளியேறி, கடை வைத்து, கிழவியாகும் வரையான கதை அது. அழுகை அதிலும் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொரு அழுகைக்குப் பிறகும் ஓஷின் புதிதாக ஒரு தொழில் கற்றாள், ஓர் ஊர் மாறினாள், ஒரு கணக்குத் தீர்த்தாள். முடிவு எங்கே என்று தெரிந்து எழுதப்பட்டதால், துன்பம் அவளை நகர்த்தியது.

இந்தியாவில் அதே காலத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. தூர்தர்ஷன் 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’ நாட்டின் முதல் பெருந்தொடர். மெக்சிகோவில் மிகேல் சபீதோ வகுத்த, நாடகத்தின் வழியே சமூகக் கருத்தை ஊட்டும் முறையைப் பின்பற்றி மனோகர் சியாம் ஜோஷி எழுதியது. அதில் பாகவந்தி என்ற தாய், எதற்கும் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் தாங்குபவள். ‘இப்படி இருக்காதே’ என்று பெண்களுக்குக் காட்டவே அவளைப் படைத்தார்கள். அரவிந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்ஸும் பார்வையாளர்களை ஆராய்ந்தபோது, பலரும் பாகவந்தியையே பின்பற்றத்தக்க பெண்ணாகக் கண்டிருந்தது தெரிந்தது. பொறுமைக்கு ரசிகர் கூட்டம் உண்டு என்பதை அடுத்து வந்த வணிகத் தொலைக்காட்சி மறக்கவே இல்லை.

வணிகத் தொலைக்காட்சி வருமுன் சில ஆண்டுகள் திரை வேறு மாதிரி இருந்தது. 1985இல் பாசு சாட்டர்ஜியின் ‘ரஜனி’யில் பிரியா தெண்டுல்கர் நடித்த இல்லத்தரசி அலுவலகம் அலுவலகமாகப் போய் நியாயம் கேட்டாள். 1989இல் கவிதா சௌத்ரி, காவல்துறை அதிகாரியான தன் அக்காவின் வாழ்க்கையைத் தழுவி ‘உடான்’ தொடரைத் தானே எழுதி, இயக்கி, நடித்தார். சென்னைத் தூர்தர்ஷனில் பதின்மூன்று வாரத் தொடர்கள் வழக்கமாக இருந்த காலம். வாரம் ஒரு பகுதி என்றால் எழுத ஏழு நாள். பதின்மூன்றில் முடிய வேண்டும் என்றால் நாயகி எடுத்த முடிவைத் திரும்பப் பெற நேரமில்லை.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் நாள் தொடர், அதாவது வாரம் ஐந்து நாள் வரும் மெகா தொடர், நிலைபெற்றது. இலங்கையில் 1998இல் தொடங்கிய சக்தி டிவி தமிழ்நாட்டுத் தொடர்களை மலையகத்தின் வீட்டுக்குள் கொண்டுவந்தது. பின்னர் கூரைத் தகரங்களின் மேல் டிஷ் முளைத்தபோது தமிழ்நாட்டு அலைவரிசைகள் நேரடியாகவே வந்தன. பொகவந்தலாவையின் லயங்களில் அன்றிலிருந்து நாடகம் என்றால் சென்னையில் எடுத்த நாடகம் என்றாகிவிட்டது.

இந்தத் தொழிலின் உட்கூறு விளங்காமல் நாயகியின் வீழ்ச்சி விளங்காது. அரை மணிக்கூறு நாடகத்தில் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம் மிஞ்சும். நேற்றைய பகுதியின் மீதி, நாளைக்கான கொக்கி இவற்றையும் கழித்தால் கதை நகர இடம் கொஞ்சம்தான். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர். படப்பிடிப்புத் தளத்துக்கு அன்று காலை வசனம் வந்து சேர்வதும் உண்டு. வாரந்தோறும் பார்வையாளர் அளவான டி.ஆர்.பி. வரும். ஏறியிருந்தால் அந்தக் காட்சியை நீட்டுவார்கள். இறங்கியிருந்தால் கதையைத் திருப்புவார்கள். இந்த அமைப்பில் நீதி கிடைத்த நாயகி ஆபத்தானவள், ஏனென்றால் அவளுக்கு நீதி கிடைத்தால் நாடகம் முடிந்துவிடும். ஆகவே அவளிடம் உறுதியைக் கொடுத்துவிட்டு, அந்த உறுதியால் ஒன்றும் ஆகாதபடி பார்த்துக்கொள்வதே எழுதுபவரின் அன்றாட வேலையாயிற்று.

‘கோலங்கள்’ இதற்கு ஆகச் சிறந்த சான்று. திருச்செல்வம் இயக்கத்தில் 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை ஆறு ஆண்டுக்கு மேல், 1,500 பகுதிகளைத் தாண்டி ஓடியது. தேவயானி நடித்த அபி, குடும்பத்தைச் சுமந்து, கட்டுமானத் தொழிலில் வேலை கற்று, பேராசைக்காரக் கணவனைப் பிரிந்து, சொந்த நிறுவனம் நடத்துகிறவள். தமிழ்த் தொலைக்காட்சியில் அதற்குமுன் இப்படி ஒரு தொழில்முனைவோர் பெண் வேரூன்றியதில்லை. அபி தானாகச் செய்தவற்றைவிட, மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரன் ஆதி அவளுக்குச் செய்தவையே கதையை ஓட்டின என்பதுதான் குறை. செயல் வில்லனுடையது, தாங்குவது நாயகியுடையது. அவள் கட்டடம் கட்டும் திறமையைக் காட்டிய நிமிடங்களைவிட, அவளைச் சிக்க வைத்த சதிகளின் நிமிடங்கள் பன்மடங்கு.

2002இல் தொடங்கிய திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதை. நாட்டுநடப்பை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய தொடர்கள் குறைவு. 2020இல் ஊரடங்கின்போது மறுஒளிபரப்பு செய்தபோதும் மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். அதன் உண்மைத்தன்மையே பெண்களின் சகிப்பையும் இயல்பாக்கியது என்பது கசப்பான உண்மை. ஒரு மகள் புகுந்த வீட்டில் படும் பாடு கண்ணீரோடு காட்டப்பட்டது. அவள் திரும்பிப் போகாமல் இருக்கலாம் என்ற வழி அதே அக்கறையோடு காட்டப்படவில்லை.

விஜய் டிவியின் ‘பாரதி கண்ணம்மா’ (2019–2023) இன்னொரு உத்தியை உச்சத்துக்குக் கொண்டுபோனது: ஒரே ஓர் உண்மையைத் தள்ளிப்போடுவது. மருத்துவனான கணவன் மனைவியின் கற்பைச் சந்தேகிக்கிறான். ஒரு மரபணுப் பரிசோதனையில் தீர வேண்டியது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கர்ப்பிணியாகக் கண்ணம்மா வீட்டை விட்டு வெளியேறி நடந்துகொண்டே இருந்த பகுதிகளை 2020இல் இணையமெங்கும் கேலி செய்தார்கள். உண்மையில் அது அந்தத் தொடரின் மிகத் துணிவான முடிவு. வெளியேறியவள் தனியாகப் பிள்ளை வளர்த்து, உழைத்து, மானத்தோடு வாழ்ந்தாள். அவ்வளவுக்கும் பரிசாக இறுதியில் எழுதப்பட்டது, சந்தேகித்தவனோடு மீண்டும் சேர்த்து வைப்பது.

திருச்செல்வம் மறுபடி 2022 பெப்ரவரியில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியபோது எதிர்பார்ப்பு கூடியிருந்தது, காரணமும் இருந்தது. படித்த பெண்களாகத் தேடி மருமகளாக்கி, அடுப்படியில் நிறுத்திவைக்கும் ஒரு பெரிய வீடு. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு மருமகள்கள் ஒருவருக்கொருவர் துணை நின்றார்கள். மாமியார்–மருமகள் சண்டையையே தின்று வளர்ந்த ஒரு துறையில் பெண்களின் ஒற்றுமையைக் கதையாக்கியது பெரிய காரியம். சொத்தில் பெண்ணின் பங்கு என்ன என்ற கேள்வியையும் அந்த வீட்டுப் பாட்டியான அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கு வழியாக முன்வைத்தது. ஆனால் அந்த வீட்டை ஆளும் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்துவின் நடிப்பு அவ்வளவு வலிமையாக இருந்தது. அவர் பெண்களை அதட்டும் வசனங்களை மக்கள் ரசித்துத் திரும்பச் சொன்னார்கள், சிறு காணொளிகளாகப் பரப்பினார்கள். அடக்குகிறவனின் பேச்சுக்குக் கூர்மை கூடக் கூட, மருமகள்களின் எதிர்ப்பு அந்தப் பேச்சுக்கு இடம் அமைத்துக் கொடுக்கும் வேலையாகச் சுருங்கியது. 2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து திடீரென மறைந்தார். வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். குணசேகரன் இல்லாமல் நான்கு பெண்களை வைத்தே கதையை நகர்த்த அது ஒரு வாய்ப்பு. தொடர் அந்த வழியில் போகவில்லை.

விதிவிலக்கும் உண்டு. 2020இல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’, வங்காளத் தொடரான ‘ஸ்ரீமொயி’யின் தழுவல். மூலக்கதை லீனா கங்கோபாத்யாயுடையது. மேற்கு வங்க மகளிர் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தவர் அவர். கணவன் வேறொருத்தியை நாடிப் போனபின் நடுவயதுப் பெண் ஒருத்தி சமையல் தொழிலில் காலூன்றுவதை அது ஆண்டுக்கணக்கில் காட்டியது. அங்கேயும் விட்டுப் போன கணவன் கதையை விட்டுப் போகவே இல்லை. அவன் தடுமாற்றத்துக்கும் மனமாற்றத்துக்கும் அவள் தொழிலுக்கு ஈடான நேரம் கிடைத்தது.

மற்ற நாடுகளிலும் துறை இப்படித்தான் தயங்கியது. அமெரிக்காவில் இரண்டு பெண் துப்பறிவாளர்களை வைத்து 1982இல் தொடங்கிய ‘கேக்னி அண்ட் லேசி’யில், கேக்னியாக நடித்த மெக் ஃபாஸ்டரை நிலையத்தார் முதல் பருவத்தோடு நீக்கினார்கள். அந்தப் பெண்கள் மிகக் கடினமாகத் தெரிகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். தமிழ்த் தொடர்களில் நடிகையை நீக்கத் தேவை வரவில்லை. பாத்திரத்தை மென்மையாக்கியே காரியம் முடிந்தது.

பார்த்தவர்கள் எல்லாவற்றையும் அப்படியே விழுங்கினார்கள் என்று சொல்ல முடியாது. ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியப் பகுதிகளில் கேபிள் தொலைக்காட்சி புதிதாக வந்த கிராமங்களை 2001 முதல் 2003 வரை கவனித்தது. அங்கே மனைவியை அடிப்பது சரி என்ற எண்ணமும் ஆண்பிள்ளை மோகமும் குறைந்து, பெண்களின் முடிவெடுக்கும் உரிமை கூடியதாகக் கண்டறிந்தது. அரைகுறையாக எழுதப்பட்ட நாயகியிடமிருந்தும் பெண்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள் என்றே இதைக் கொள்ள வேண்டும். அது பார்த்தவர்களின் பெருமை. எழுதியவர்களுக்கு அதில் பங்கு குறைவு.

பொகவந்தலாவைப் பெண்களுக்கு இதில் கூடுதலான ஓர் இழப்பு உண்டு. இந்தியாவில் முன்பு டாம், 2015 முதல் பார்க் என்று எந்த அமைப்பு அளந்தாலும், அளவு இந்திய வீடுகளில்தான். நாயகி மன்னிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் அந்த எண்ணிக்கையில் மலையகத்து லயம் ஒன்றுகூட இல்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது ஒரு நாட்டின் மாலை நாடகமே இருண்டு போனது. சென்னையின் வாராந்தர எண்ணில் அது ஒரு புள்ளியைக்கூட அசைத்திருக்காது. கைக்காசு கொடுத்து டிஷ்ஷுக்குப் பணம் கட்டிப் பார்க்கிறவர்கள், கதை எழுதுகிறவரின் கணக்கில் இல்லாதவர்கள்.

உள்ளூர் அலைவரிசைகள் இந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும். ரூபவாஹினியின் தமிழ்ப் பிரிவு, சக்தி டிவி, 2009இல் தொடங்கிய வசந்தம் டிவி ஆகியவை இலங்கைத் தமிழ் நாடகங்களை அவ்வப்போது எடுத்திருக்கின்றன. இறக்குமதித் தொடரின் ஒரு பகுதிக்கு ஆகும் செலவில் சொந்தமாக ஒரு பகுதி எடுப்பது கடினம் என்பதால், முயற்சிகள் நிலைத்து ஓடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணை நடுவில் வைத்து, அவள் சம்பளம், அவள் சங்கம், அவள் பிள்ளையை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா, வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போன அவள் தங்கை என்று விரியும் நாள் தொடர் ஒன்று வந்து நிலைக்கவில்லை. கதைக்குப் பஞ்சமில்லை. மீனாட்சி அம்மாளின் பாட்டு இருக்கிறது, கோகிலம் சுப்பையாவின் நாவல் இருக்கிறது, 1984இன் வேலைநிறுத்தத்தில் நின்ற பெண்கள் பலர் இன்னும் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். இந்த அலைவரிசைகள் வாரத்தில் ஓர் அரை மணிக்கூறை ஒதுக்கி, முடிவு முன்கூட்டியே தெரிந்த பதின்மூன்று வாரத் தொடர் ஒன்றை மலையகப் பெண்களிடமே எழுதக் கொடுக்க வேண்டும்.